மருந்துக்கு ஏது ஜாதி?

ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று தெரிந்த மறுநாளே அவரைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள நம் ஊரில் இரண்டு கட்சிகள் வந்து நிற்கின்றன. ஒன்று மாத்திரைக் கட்சி. மற்றொன்று இயற்கைக் கட்சி. மாத்திரைக் கட்சியார் அதிகம் பேச மாட்டார்கள். சீட்டில் இரண்டு வரி கிறுக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொல்லி மணியை அடிப்பார்கள். இயற்கைக் கட்சியாரோ பேச்சை நிறுத்தவே மாட்டார்கள். ரயிலிலும், கல்யாணப் பந்தியிலும், துக்கம் விசாரிக்கப் போன வீட்டுத் திண்ணையிலும்கூட அவர்களுடைய பிரசாரம் நடக்கும். "அந்த இங்கிலீஷ் மாத்திரையை முதலில் தூக்கிக் குப்பையில் போடுங்கள். ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடாது, சிறுநீரகத்தை அரித்துவிடும். பூண்டைத் தட்டிப் பாலில் போட்டுக் குடியுங்கள். ஒரு மண்டலத்தில் எல்லாம் இறங்கிவிடும்" என்பார்கள். போதாக்குறைக்கு எல்லோர் கையிலும் செல்போன் வேறு வந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு திண்ணையோடு நின்ற உபதேசம் இப்போது ஒரே ராத்திரியில் சிங்கப்பூர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறது.

இந்த வியாதி எனக்கும் இருக்கிறது. நாலு வருஷமாகக் காலையில் ஒரு மாத்திரை விழுங்குகிறேன். சாயங்காலம் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். ஊறுகாய் ஜாடி இருக்கும் பக்கம் போவதில்லை. ஆகவே இரண்டு கட்சிகளும் என்னைத் தங்கள் ஆள் என்று உரிமை கொண்டாடுகின்றன. இரண்டும் என்னைத் துரோகி என்றும் சொல்லுகின்றன. நான் எதிலும் சேரவில்லை. நடுநிலைமை வகிக்கும் ஆசையால் அப்படி இருக்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நடுநிலைமை என்பது பல சமயங்களில் சண்டைக்குப் பயந்தவன் போட்டுக்கொள்ளும் சட்டை. இந்தச் சண்டையே பொய்ச் சண்டை என்பதுதான் என் வாதம். மருந்துக்கு ஜாதி கிடையாது, தேசமும் கிடையாது. அழுத்தத்தை இறக்குகிறதா, இறக்குமானால் எவ்வளவு, வேறு என்ன கெடுதல் செய்கிறது என்ற மூன்று கேள்விகளைத் தவிர அதனிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

முதலில் பெயர் செய்த கெடுதலைச் சொல்லிவிடுகிறேன். 'ரத்தக் கொதிப்பு' என்பது கேட்பதற்கு நல்ல தமிழ்தான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் அடுப்பும் உலைப்பானையும் கண்முன் வருகின்றன. கொதிப்பு என்றால் சூடு. சூடு குளிர்ச்சியால் தணியும். ஆகவே வெள்ளரிக்காயும் நீர்மோரும் நல்லெண்ணெய்க் குளியலும் போதும் என்று மனசு தானாகவே ஒரு வைத்திய சாஸ்திரத்தைக் கட்டிக்கொண்டுவிடுகிறது. கோபக்காரனுக்குத்தான் இந்த வியாதி வரும் என்றும், தலை சுற்றவில்லையானால் கொதிப்பு இறங்கிவிட்டது என்றும் ஜனங்கள் நம்புகிறார்கள். உண்மையில் ரத்தம் கொதிப்பதும் இல்லை, ஆறுவதும் இல்லை. இருதயம் தள்ளுகிற ரத்தம் குழாய்களின் சுவரை எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதுதான் விஷயம். அந்த அழுத்தம் வருஷக்கணக்கில் அதிகமாகவே இருந்தால், மூளையிலும் இருதயத்திலும் சிறுநீரகத்திலும் கண்ணிலும் உள்ள குழாய்கள் கெட்டுப்போகின்றன. அப்படிக் கெடும்போது பெரும்பாலோருக்கு ஒரு வலியும் தெரிவதில்லை. சாந்த சொரூபியாகக் காட்சி தருபவருக்கு 180 இருக்கலாம்; எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவருக்கு 120 இருக்கலாம்.

வலி இல்லாத வியாதிக்கு வைத்தியம் செய்வதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. வயிற்று வலிக்கு மருந்து கொடுத்த வைத்தியரின் யோக்கியதையை நோயாளியே சொல்லிவிடுவான். வலி போயிற்று அல்லது போகவில்லை. இந்த வியாதியிலோ, 'எனக்கு இப்போது நன்றாக இருக்கிறது' என்று நோயாளி சொல்லும் சாட்சியம் செல்லாது. நன்றாக இருக்கும்போதேதான் அவன் கெட்டுக்கொண்டிருக்கிறான். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு குதிரையின் ரத்தக் குழாயில் கண்ணாடிக் குழாயைச் செருகி, ரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறி நின்றதை 1733-ல் எழுதி வைத்தார். மனிதனை அப்படிக் குத்தாமலே அளப்பதற்கு 1896-ல் இத்தாலியில் ரீவா-ரோச்சி என்ற டாக்டர் கையில் சுற்றும் பட்டையைக் கண்டுபிடித்தார். 1905-ல் ருஷ்யாவின் கொரட்காவ் என்ற டாக்டர், பட்டைக்குக் கீழே குழாய் வைத்துச் சப்தம் கேட்கும் முறையைச் சொன்னார். நூற்றிருபது வருஷமாக அந்தப் பட்டை நம் கையில் இருக்கிறது. அதற்கு சம்ஸ்கிருதமும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. கஷாயம் குடித்தவன் கையையும் மாத்திரை விழுங்கியவன் கையையும் அது ஒரே மாதிரிதான் இறுக்குகிறது. இந்த வழக்கில் அதைக்காட்டிலும் நல்ல நீதிபதி கிடைக்க மாட்டார்.

மாத்திரை இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதை இயற்கைக் கட்சியார் ஒரு பொற்காலமாக வர்ணிக்கிறார்கள். அந்தக் காலத்து மனிதர் ஒருவரைச் சொல்லுகிறேன். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் ஒரு இருதய டாக்டர் பரிசோதித்தபோது அழுத்தம் 186/108 இருந்தது. உலகத்திலேயே சக்தி வாய்ந்த மனிதர். கூப்பிட்ட குரலுக்கு எந்த டாக்டரும் ஓடி வருவார். அவர்கள் செய்ய முடிந்தது என்ன? இருதயம் சோர்ந்ததற்கு ஒரு பழைய மருந்தைக் கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். சிகரெட்டைக் குறைக்கச் சொன்னார்கள். எடையைக் குறைக்கச் சொன்னார்கள். மகாயுத்தத்தின் நடுவில் ஒரு மாத காலம் கடற்கரைப் பக்கம் ஒரு பண்ணையில் ஓய்வுக்கு அனுப்பினார்கள். நம் இயற்கைக் கட்சியார் இன்று சொல்லும் பத்தியத்தில் பெரும் பகுதி இதுதான். 1945 ஏப்ரல் 12-ந் தேதி, பின்மண்டையில் பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அழுத்தம் 300/190. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது, அன்றே இறந்தார். பத்தியம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பத்தியம் மட்டும் போதாத நோயாளிகள் உண்டு என்பதற்கு இதைவிடப் பெரிய மனிதரை நான் எங்கே போய்த் தேடுவது?

ரூஸ்வெல்ட்டின் டாக்டர்களிடம் இல்லாத ஒரு மருந்து அப்போது இந்தியாவில் இருந்தது. மாத்திரைக் கட்சியார் இதைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். சர்ப்பகந்தா என்ற செடியின் வேரைப் பாம்புக் கடிக்கும், தூக்கமின்மைக்கும், பைத்தியத்துக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் வெகு காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931-ல் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், இந்த வேர் பைத்தியத்தைத் தணிப்பதோடு உயர்ந்த ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று எழுதினார்கள். கணநாத சென் ஆயுர்வேதக் கவிராஜர். அதே சமயம் மேல்நாட்டு வைத்தியப் பரீட்சையும் தேறியவர். ஒரே மனிதருக்குள் இரண்டு வைத்தியமும் சண்டையில்லாமல் குடியிருந்தன. அதே காலத்தில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற ரசாயன சாஸ்திரி இந்த வேரிலிருந்து சில சத்துக்களைப் பிரித்து, யூனானி வைத்தியத்தில் பேர்பெற்ற ஹக்கீம் அஜ்மல் கானின் ஞாபகமாக ஒன்றுக்கு 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இருதய டாக்டர், ஐம்பது நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதிய கட்டுரை 1949-ல் பிரிட்டிஷ் இருதய வைத்தியப் பத்திரிகையில் வந்தது. அதற்குப் பிறகுதான் மேல்நாடு திரும்பிப் பார்த்தது. 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் சீபா கம்பெனியின் விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து ரிசர்ப்பின் என்ற சத்தைத் தனியாக எடுத்தார்கள். அது மாத்திரையாகி உலகமெல்லாம் போயிற்று.

கதை இதோடு முடியவில்லை. மாத்திரை கொடுத்து அழுத்தத்தை இறக்கினால் உயிர் பிழைக்குமா என்பதிலேயே அந்தக் காலத்து டாக்டர்கள் பலருக்குச் சந்தேகம் இருந்தது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு சோதனை நடத்தி, 1967-ல் முடிவை வெளியிட்டன. கீழ் அழுத்தம் 115-லிருந்து 129 வரை இருந்த 143 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். 73 பேருக்கு மருந்து. 70 பேருக்கு மருந்து போலவே தோற்றமளிக்கும் வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை தின்றவர்களில் 27 பேருக்குக் கடுமையான விபரீதங்கள் ஏற்பட்டன. நாலு பேர் இறந்தார்கள். மருந்து தின்றவர்களில் விபரீதம் இரண்டே பேருக்கு, சாவு இல்லை. இத்தனைக்கும் ஆள் ஒன்றுக்குச் சராசரி ஏறக்குறைய ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த மருந்தில் மூன்று சரக்குகள் இருந்தன. அவற்றில் ஒன்று ரிசர்ப்பின், அதாவது நம் சர்ப்பகந்தா.

இப்போது கேட்கிறேன். ரிசர்ப்பின் எந்தக் கட்சி? வேராக இருந்தபோது இயற்கைக் கட்சியாக இருந்து, மாத்திரையானதும் கட்சி மாறிவிட்டதா? கவிராஜர் கொடுத்தபோது மூட நம்பிக்கையாக இருந்து, ஸ்விட்சர்லாந்தில் சீசாவில் அடைத்ததும் விஞ்ஞானம் ஆகிவிட்டதா? நாட்டு மருந்தைக் கண்ட மாத்திரத்தில் சிரிக்கும் டாக்டரும், இங்கிலீஷ் மருந்தைக் கண்ட மாத்திரத்தில் முகம் சுளிக்கும் உபதேசியும் இந்த வேருக்கு முன்னால் ஒரே மாதிரி அசடு வழிய வேண்டியவர்கள்தாம். வேரை மருந்தாக்கியது சீசா அன்று. பார்த்ததை எழுதி வைத்து, எழுதியதை இன்னொருவர் சோதிக்கும்படி விட்டார்களே, அந்த நேர்மை.

'அப்படியானால் வேரையே அரைத்துக் குடிக்கலாமே, பச்சிலை பக்க விளைவு இல்லாதது அல்லவா?' என்று இயற்கைக் கட்சியார் குறுக்கே வருவார்கள். சர்ப்பகந்தாவின் மீதிக் கதையை அவர்கள் கேட்பதில்லை. ரிசர்ப்பின் தின்றவர்களில் சிலருக்கு மனச் சோர்வு பீடித்தது. வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்குக்கூடப் போனது. அதனால்தான் அதைவிட நல்ல மருந்துகள் வந்ததும் டாக்டர்கள் அதைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அதிமதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டை கட்டினால் எல்லா வீட்டிலும் அதைத்தான் வாயில் அடக்கிக்கொள்ளுகிறோம். அதையே நாள்கணக்கில் அதிகமாகத் தின்றால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி, பொட்டாசியம் குறைந்து, அழுத்தம் ஏறும். செடிக்கு நம்மிடம் தனிப்பட்ட கருணை எதுவும் கிடையாது. விஷத்துக்கும் நம்மிடம் தனிப்பட்ட விரோதம் கிடையாது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்துதான் கேப்டோப்ரில் என்ற மாத்திரை பிறந்து, 1981-ல் விற்பனைக்கு வந்தது. இன்று லட்சக்கணக்கானவர்கள் விழுங்கும் பல மாத்திரைகள் அதன் வம்சம்.

இனி இயற்கைக் கட்சியாரிடம் இருக்கும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அது கொஞ்சநஞ்சமல்ல. உப்பைக் குறைத்தால் அழுத்தம் இறங்கும். உலக சுகாதார ஸ்தாபனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. ஒரு சிறு தேக்கரண்டி. அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, ஊறுகாய், ஹோட்டல் சாம்பார் என்று வரிசையாக வைத்துக்கொண்டு சாப்பிடும் நாம் எவ்வளவு தின்கிறோம் என்பதை அவரவர் வீட்டு உப்பு ஜாடி சொல்லும். இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். இந்துப்பும் பெரும்பாலும் அதே உப்புத்தான். நிறமும் விலையும்தான் வேறு. பழமும் காய்கறியும் கொழுப்புக் குறைந்த பாலும் மிகுந்த சாப்பாட்டை அமெரிக்காவில் சோதித்து 1997-ல் வெளியிட்டார்கள். அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அழுத்தம் பதினொன்று வரை இறங்கியது. நடை, எடைக் குறைப்பு, மதுவை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் பலன் உண்டு. பூண்டுகூடக் கொஞ்சம் இறக்குவதாகச் சில சோதனைகள் சொல்லுகின்றன. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் அதை மருந்து போலத் தின்பதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

யோகத்தைப் பற்றியும் சொல்லுகிறேன். இங்கிலாந்தில் டாக்டராக இருந்த சந்திரா பட்டேல் என்ற இந்தியப் பெண்மணி, அழுத்தம் உள்ள இருபது பேருக்கு யோக முறையில் உடம்பையும் மனசையும் தளர்த்தும் பயிற்சி கொடுத்து 1973-ல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். ஐந்து பேருக்கு மாத்திரையை அடியோடு நிறுத்த முடிந்தது. ஏழு பேருக்கு அளவைக் குறைக்க முடிந்தது. நாலு பேருக்கு மருந்து முன்னைவிட நன்றாகப் பிடித்தது. நாலு பேருக்கு ஒரு பலனும் இல்லை. இந்த நாலு பேரை அந்த அம்மாள் மறைக்கவில்லை. நம் ஊர் யோக முகாம்களின் விளம்பரத்தில் இந்த நாலு பேரை என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? 2013-ல் அமெரிக்க இருதயச் சங்கம் இந்தத் துணை முறைகளையெல்லாம் வரிசைப்படுத்தியபோது, உடற்பயிற்சிக்கு நல்ல இடம் கிடைத்தது. கருவியின் உதவியோடு மூச்சை மெதுவாக்கும் பயிற்சிக்கு ஓரளவு இடம் கிடைத்தது. யோகாசனத்துக்கும் அக்குபங்க்சருக்கும் அதுவரை இருந்த ஆதாரம் போதாது என்று நிறுத்திக்கொண்டார்கள். யோகத்தின்மேல் பக்தி உள்ளவர்கள் இதற்குக் கோபிக்க வேண்டியதில்லை. சந்திரா பட்டேல் செய்ததைப்போல இன்னும் நூறு பேர் செய்து காட்டட்டும்.

எல்லாம் கணக்கில்தான் வந்து நிற்கிறது. உப்பைக் குறைப்பதும் நடப்பதும் பெரும்பாலும் ஐந்து, எட்டு, பத்து என்றுதான் இறக்கும். 145-ல் நிற்பவனுக்கு எட்டு இறங்கினால் 137. டாக்டர் மாத்திரையைத் தள்ளிப் போட்டாலும் போடலாம். 180-ல் நிற்பவனுக்கு எட்டு இறங்கினால் 172. அவன் 172-லும் சாவான். இருவருக்கும் ஒரே உபதேசத்தைச் செய்கிறவன் ஒருவனுக்கு நண்பன், மற்றவனுக்கு யமன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். தெருவில் பாதிப் பேர் அவரிடம் இலக்கணம் படித்தவர்கள். ஏழெட்டு வருஷமாக மாத்திரை சாப்பிட்டு அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தார். யாரோ ஒரு மண்டல முகாம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். காலையில் சாம்பல் பூசணிச் சாறு, மாலையில் மூச்சுப் பயிற்சி. இரண்டிலும் ஒரு தப்பும் இல்லை. ஆனால் முதல் நாளே மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அழுத்தத்தை அளந்து பார்க்கவும் கூடாதாம். அளந்தால் பயம் வரும், பயத்தால் அழுத்தம் ஏறுமாம். "உடம்பு பஞ்சு மாதிரி இருக்கிறது தம்பி" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். இருபத்தேழாம் நாள் விடியற்காலையில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. முகாமிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். "இத்தனை வருஷம் தின்ற மாத்திரை விஷம் இப்போதுதான் வெளியே வருகிறது" என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார். யாப்பருங்கலக் காரிகையை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் இன்று தண்ணீர் வேண்டும் என்பதற்கு இடது கையைத் தூக்குகிறார்.

இதை விதி என்று விட்டுவிட நான் தயாராக இல்லை. சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. குளோனிடின் என்ற மருந்தைச் சட்டென்று விட்டால் அழுத்தம் முன்பு இருந்ததைக் காட்டிலும் மேலே பாயும். அட்டெனலால் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் இருதய நோயாளிக்கு மார்வலியும் மாரடைப்பும் வரலாம். நிறுத்தச் சொல்லுகிறவருக்கு இது தெரியாது. தெரியாதவருக்கு அதைச் சொல்லும் உரிமையை யார் கொடுத்தது? நம் நாட்டுச் சட்டம் கொடுக்கவில்லை. மருந்துகளையும் மந்திர வைத்தியங்களையும் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே ஒரு சட்டம் செய்தார்கள். குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத வியாதிகளின் ஜாபிதாவில் ரத்த அழுத்தமும் இருக்கிறது. எழுபது வருஷத்துக்குப் பிறகு, 2024-ல், ஒரு பெரிய ஆயுர்வேதக் கம்பெனி இத்தகைய விளம்பரங்களுக்காகச் சுப்ரீம் கோர்ட்டில் நின்று, பத்திரிகைகளில் மன்னிப்பும் அச்சடிக்க நேர்ந்தது. பெரிய கம்பெனி அகப்பட்டது. தெருத் தெருவாக முகாம் நடத்துகிறவர்களும், செல்போனில் முகம் காட்டுகிறவர்களும் நாள்தோறும் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் அவர்களிடம் கூட்டம் ஏன் போகிறது? இதற்கு மாத்திரைக் கட்சியார் பதில் சொல்ல வேண்டும். முகாம்காரர் நோயாளியின் பெயரைக் கேட்கிறார்; ராத்திரி தூக்கம் வருகிறதா, மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று விசாரிக்கிறார். டாக்டர் முகத்தை நிமிர்த்திப் பார்ப்பதே இல்லை. மாத்திரை எதற்கு, எத்தனை நாள், கால் வீங்கினால் என்ன செய்வது, வறட்டு இருமல் வந்தால் யாரிடம் சொல்வது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. மாத்திரையால் கால் வீங்குவதும் இருமல் வருவதும் டாக்டருக்குத் தெரிந்த விஷயங்கள். மாற்று மாத்திரையும் அவரிடமே உண்டு. சொல்லாததால் நோயாளி அதை விஷத்தின் அடையாளம் என்று நினைத்துத் தானே நிறுத்திவிடுகிறான். கஷாயம் குடிப்பதாகச் சொன்னால் டாக்டர் எரிந்து விழுவார் என்று அதை அவரிடம் மறைக்கிறான். மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னால் வைத்தியர் கோபிப்பார் என்று அதை அவரிடம் மறைக்கிறான். இரண்டு பேருக்கும் பொய் சொல்லி, இரண்டு மருந்தும் வயிற்றுக்குள் போய் என்ன சண்டை போடுகின்றன என்பது யாருக்குமே தெரியாமல் வாழ்கிறான். நோயாளி பயமில்லாமல் உண்மையைச் சொல்லும்படி நடந்துகொள்ளுவதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். அது தெரியாத டாக்டர், முகாமுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர்.

மாத்திரை என்பது பணம் பறிக்கும் சதி என்று ஒரு குற்றச்சாட்டு. மருந்துக் கம்பெனிகளை நான் மகாத்மாக்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வியாதிக்குப் பெரும்பாலோருக்குப் போதுமான பழைய மாத்திரைகளின் தனி உரிமை காலாவதியாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. யார் வேண்டுமானாலும் செய்து மலிவாக விற்கலாம். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசே வேண்டாம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபோது, அழுத்தத்தை அளப்பதும் மாத்திரை கொடுப்பதும் வீட்டு வாசலுக்கே வந்தன. சதி செய்கிறவன் இலவசமாகவா செய்வான்? மாத்திரையைக் கைவிட்டவர்கள் அதற்குப் பதிலாக வாங்கும் லேகியத்தின் விலையையும் முகாமின் கட்டணத்தையும் கூட்டிப் பார்க்கட்டும்.

ஆயுள் பூராவும் மாத்திரைக்கு அடிமையாக இருப்பதா என்பது இன்னொரு கேள்வி. தினம் பல் விளக்குகிறோம். யாரும் வேப்பங்குச்சிக்கு அடிமையாகிவிட்டதாக வருத்தப்படுவதில்லை. நாள் தவறாமல் செய்ய வேண்டிய காரியம் எல்லாம் அடிமைத்தனம் என்றால், இயற்கைக் கட்சியார் சொல்லும் நடையும் பத்தியமும் மூச்சுப் பயிற்சியும் அதே அடிமைத்தனம்தான். அவற்றையும் ஆயுள் பூராவும் செய்தால்தான் பலன். இரண்டையும் ஒழுங்காகச் செய்து அழுத்தம் இறங்கினால், டாக்டரே மாத்திரையைக் குறைப்பார். சந்திரா பட்டேல் குறைத்தார் அல்லவா? அளந்துகொண்டே குறைப்பதற்கும் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துவதற்கும், படியில் இறங்குவதற்கும் மாடியிலிருந்து குதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. கீழே வந்து சேருவது என்னவோ இரண்டிலும் உண்டு.

துணை வைத்தியம் என்று ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது. வழித்துணைக்கு வருகிறவன் கூட நடப்பான். மூட்டையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்வான். வண்டிமாட்டை அவிழ்த்து விரட்டிவிட்டு, 'இனி நானே போதும்' என்று சொல்ல மாட்டான். அப்படிச் சொன்னவன் யார் என்பதை நம் கிராமத்து வண்டிக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

ஆகவே வாசகர்களுக்கு நான் சொல்லுவது இதுதான். டாக்டரிடம் போங்கள், சித்த வைத்தியரிடம் போங்கள், ஆயுர்வேதம், யோகம் எதை வேண்டுமானாலும் நாடுங்கள். உட்கார்ந்ததும் அவர் மேஜையைப் பாருங்கள். அழுத்தம் அளக்கும் கருவியும் எழுதி வைக்க ஒரு நோட்டும் இருக்கின்றனவா? ஐந்து நிமிஷம் உங்களைப் பேசாமல் உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்கிறாரா? என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுகிறாரா? அடுத்த மாதம் மறுபடியும் அளந்து, இறங்காவிட்டால் தன் வைத்தியம் போதவில்லை என்று ஒப்புக்கொள்ளுகிறாரா? அப்படியானால் அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு அவர் சொன்னபடி நடங்கள். கருவியைக் கண்டால் பயம் வரும், அளக்க வேண்டாம் என்று சொல்லுகிறவராக இருந்தால், கட்டிய பணம் போனால் போகட்டும் என்று எழுந்து வந்துவிடுங்கள். அந்த மனிதர் பயப்படுவது உங்களுக்காக அல்ல.